நான்கு கிலோவுக்குக் குறையக்கூடாது

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் எதுக்கு அக்கா. என்னைவிட ஒன்பது வயது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த இரண்டாவது மாடியில் தலைமை அதிகாரியான கர்னலைத் தவிர அத்தனை பேருக்கும் அவர் அக்காதான். எந்தத் தாளை நீட்டினாலும், "இது எதுக்கு?" என்று கேட்காமல் கையில் வாங்க மாட்டார். வருகைப் பதிவேட்டில் பச்சை மையில் ஒரு முறை, நீல மையில் ஒரு முறை என்று இரண்டு தடவை ஏன் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர் ஒருநாள் கேட்டார். முப்பது பேர் இருந்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றோடு பச்சை மை ஒழிந்தது. மறுநாள் அதை மறந்து பழக்கதோஷத்தில் பச்சைப் பேனாவைத் தேடியவன் நான்.

எங்கள் வேலையைச் சொன்னால் ஏதோ பெரிய வேலை போலத் தோன்றும். ராணுவம் ஒரு பொருளை வாங்க வேண்டும் என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். நீளம் இவ்வளவு, நிறம் இது, மழையில் இத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், இப்படி. அந்தப் பட்டியலை வைத்துத்தான் டெண்டர் விடுவார்கள். பட்டியலில் ஒரு வரி இருந்தால் அதைச் செய்து கொடுக்க கம்பெனிக்காரன் தலைகீழாக நிற்பான். அந்தப் பட்டியலை எழுதுகிறவர்கள் நாங்கள். எழுதுகிறவர்கள் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். போன முறை பட்டியலை எடுத்து வருடத்தை மாற்றி, அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிப்போம். நான் முப்பத்தொரு வருடம் அடித்தேன். கெட்டிக்காரன் என்று பெயர் வேறு வாங்கினேன்.

அக்கா தட்டச்சராகச் சேர்ந்து, தேர்வுகள் எழுதி, என் எதிர் மேசைக்கு வந்தவர். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வீட்டில் ஸ்பூன் போடும் டப்பாவில் ஸ்பூனைவிட ஸ்குரூ டிரைவர்தான் அதிகம் என்பார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பதினைந்து வயது இளைய தம்பியை இவர்தான் தூக்கி வளர்த்தார். அந்தத் தம்பி ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தான். தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்கா கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

விஷயம் ஒரு தையல்காரரிடம் ஆரம்பித்தது. லீவில் வந்த தம்பிக்குச் சட்டை தைக்க அக்கா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தையல்காரர் அளவு எடுத்துவிட்டு, மறுபடியும் எடுத்துவிட்டு, "இடது தோள் ரெண்டு விரக்கடை கீழ இருக்கே, சின்ன வயசுல எங்கயாவது விழுந்தாரா?" என்று கேட்டிருக்கிறார். விழவில்லை. தூக்கி வளர்த்தவருக்குத் தெரியாதா! தம்பி சிரித்துக்கொண்டே, "வயர்லெஸ் செட்டு தூக்கறதால அக்கா. எங்க பிரிவுல பாதிப் பேர் இப்படித்தான் சாஞ்சிருப்போம்" என்றானாம்.

மறுநாள் காலை அக்கா வந்ததும் வராததுமாகக் கைப்பையைக்கூட வைக்காமல் வயர்லெஸ் செட் கோப்பை எடுத்தார். அப்போது புதிய செட்டுகளுக்குப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்து மூன்று வரிகள். டெண்டர் போய்விட்டால் பத்து வருடத்துக்கு அதே செட்தான். தம்பிக்கு இன்னும் எட்டு வருடம் பணி பாக்கி. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, விரல்விட்டு எண்ணியதை நான் பார்த்தேன்.

எண்பத்தாறாவது வரியில் அவர் விரல் நின்றது. செட்டின் எடை நான்கு கிலோவுக்குக் குறையக்கூடாது.

"சார், மேல போகக் கூடாதுன்னு இருந்தா புரியுது. குறையக் கூடாதுன்னா எதுக்கு?"

நான் யோசிக்கவே இல்லை. "பாராசூட்ல இறக்குவாங்க இல்ல, லேசா இருந்தா காத்து அடிச்சிட்டுப் போயிடும்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பதில்! சொல்லி முடித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அக்கா நம்பவில்லை. பழுது பார்க்கும் கூடத்துக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே நீளமான தகர மேசைகள், ஈயம் உருகும் வாடை, மூடி கழற்றிய செட்டுகள் வரிசையாக. மெக்கானிக் ஒரு செட்டைத் திருப்பிக் காட்டினார். உள்ளே அடிப்பக்கம் ஒரு இரும்புப் பாளம், பச்சை வர்ணம் பூசி, ஆறு திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. ஒரு ஒயர் அதற்குள் போகவில்லை, ஒரு ஒயர் அதிலிருந்து வரவில்லை.

"இது எதுக்கு?"

"எடைக்கு மேடம்" என்றார் மெக்கானிக், மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல. "கம்பெனிக்காரன் செட்டை ரெண்டரைக் கிலோவுலயே முடிச்சிட்டான். நாலுக்குக் குறையக் கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க? ஒன்றரைக் கிலோ இரும்பை உள்ள வெச்சு மூடிட்டான்."

அக்கா ஸ்குரூ டிரைவரை வாங்கி ஆறு திருகாணியையும் தானே கழற்றினார். பாளத்துக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அது எதுக்கு என்று கேட்டார். அவர்கள் எல்லோரிடமும் பதில் இருந்தது, அதுதான் வேடிக்கை. ஒருவர் சூடு தணிக்க என்றார். எதிரி திருடிக்கொண்டு ஓட முடியாமலிருக்க என்றார் இன்னொருவர். டீ கொண்டுவருகிறவர்கூடத் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கப்பலில் உருளாமல் இருக்கத்தான் என்று அடித்துச் சொன்னார். விமானப் பிரிவுக்கு அக்கா போன் போட்டுக் கேட்டபோது, என் பாராசூட் கதையைக் கேட்டு மறுமுனையில் சிரித்தார்கள். பெட்டியில் போட்டு மொத்தமாகத்தான் இறக்குவார்களாம். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கர்னல் புதிதாக வந்திருந்தார். கொள்முதல் முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று மேலிடம் அவரை அனுப்பியிருந்தது. அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு துணைக்குழு. சுவர் முழுக்கப் படம் ஒட்டி, அம்புக்குறி போட்டு, ஒரு மாதம் பேசினார்கள். கடைசியில் கையெழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு புதிய படிவம் வந்தது. அதில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட வேண்டும். கர்னலைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். அவருக்கே சலித்துப் போயிருந்தது. அதனால் அக்கா பாளத்தோடு உள்ளே போய் நின்றபோது உட்காரச் சொல்லிக் கேட்டார்.

"இந்த வரியை எடுத்துடலாம் சார்."

"எடுக்கலாம்மா. ஆனா இது எதுக்கு வந்துச்சுன்னு தெரியாம எப்படி எடுக்கறது? நமக்குத் தெரியாத காரணம் ஒண்ணு இருந்து, நாம எடுத்து, அங்க ஒருத்தன் செத்தான்னா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அக்காவாலேயே மறுக்க முடியவில்லை. மூன்று வாரம் கொடுத்தார். யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் என்று எழுத்தில் வந்தால் எடுக்கலாம். வராவிட்டால் எண்பத்தாறாவது வரி பத்து வருடத்துக்கு அப்படியே இருக்கும்.

வெளியே வந்த அக்கா அளவுகோலை வைத்துப் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டார். ஏற்கெனவே மூன்று பத்தி உண்டு: எண், தேவை, சோதிக்கும் முறை. நான்காவதன் தலையில் 'எதுக்கு, யார் கேட்டது' என்று பென்சிலில் எழுதினார். நூற்று நாற்பத்து மூன்று வரிக்கும் நிரப்ப ஆரம்பித்தார். அந்த மூன்று வாரமும் அந்த மனுஷி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலையில் ஆவண அறைக்குள் போனால் தலையில் ஒட்டடையோடு மத்தியானம் வருவார். ஆனால் முகம் மட்டும் பிரகாசமாக இருக்கும். "சார், முப்பத்திரண்டாவது வரி தெரியுமா? கைப்பிடி எதுக்கு இடது பக்கம்னு? அப்ப இருந்த ஒரு மேஜர் இடது கைக்காரராம்!" என்று குழந்தை மாதிரி வந்து சொல்வார். எனக்கும் தொற்றிக்கொண்டது. முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக நான் காப்பி அடித்ததை வாசித்தேன்.

எண்பத்தாறு மட்டும் பிடி கொடுக்கவில்லை. கோப்புகளில் பின்னால், பின்னால் என்று போய், முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒன்றில் அந்த வரி முதல்முறையாகத் தென்பட்டது. பக்கத்தில் தட்டச்சில், 'சோதனைக் கிடங்கின் பரிந்துரைப்படி'. பெயர் இல்லை.

சோதனைக் கிடங்கு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. சாம்பிளாக வரும் பொருட்களை அங்கேதான் அளந்து, நனைத்து, கீழே போட்டுப் பார்ப்பார்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பஸ் பிடித்துப் போனோம். என் முதல் மூன்று வருட வேலை அங்கேதான் என்று வழியில் நானே பெருமையாகச் சொன்னேன். என் வாயை என்ன சொல்ல!

கிடங்குக்காரர் பழைய பதிவேட்டைக் கொண்டுவந்தார். அந்த வருடத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அக்கா சோர்ந்துபோய்ச் சுவரோரம் திரும்பினார். அங்கே ஒரு மேடைத் தராசு, மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, இன்னும் அதே இடத்தில் நின்றது. அக்கா பாளத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தார். முள் அசையவில்லை.

"அது நாலு கிலோ வரைக்கும் அசையாதும்மா. அதுக்கு மேல கரெக்டா காட்டும்" என்றார் கிடங்குக்காரர். "நான் வந்ததுல இருந்து அப்படித்தான்."

 அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அதுவரை சத்தியமாக இல்லை. மூன்றரைக் கிலோவில் ஒரு சாம்பிள் செட் வந்தது. அப்போதும் முள் அசையவில்லை. படிவத்தில் எடை என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. புதுத் தராசு கேட்கலாமா என்று மேலதிகாரியிடம் போனேன். தராசு வாங்கவும் இதே டெண்டர், இதே கையெழுத்துகள்தான், இரண்டு மூன்று வருடம் ஆகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தராசு கேட்டு அலையறதுக்கு, செட்டையே கொஞ்சம் கனமா கேட்டுட்டுப் போயேன்" என்றார். கேட்டேன். பரிந்துரை எழுதினேன். மூன்று மாதத்தில் இரண்டாவது மாடிக்கு மாற்றல் வந்தது. நானே எழுதிய பரிந்துரை என் மேசைக்கே வந்தது, நானே அதைப் பட்டியலில் ஏற்றினேன். கெட்டிக்காரன் இல்லையா!

அக்கா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசின் மேல் ஏறி நின்றிருந்தார். "யாரும் எண்ணைப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். பிறகு பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒன்றரைக் கிலோ. சரியா காட்டுதே! ஏறி நின்னு கழிச்சா முடிஞ்சது. இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல."

ஒரு நிமிடம். முப்பத்தொரு வருடம் முன்னால் நானும் ஏறி நின்றிருக்கலாம், எனக்கும் கால் இருந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம். "இந்தத் தராசுதான் சார் காரணம், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா கர்னல் ஊகத்தை ஒத்துக்க மாட்டார். அந்தக் காலத்துல இங்க இருந்தவங்க யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுத்தா போதும். உங்களுக்கு யாரையாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லையே" என்றேன்.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. விசாரணை வருமோ என்று பயந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். சிரிப்பார்களே என்றுதான் பயந்தேன். பச்சைப் பேனா முதல் பாராசூட் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதைவிட, அக்கா சிரிக்காமல் பார்ப்பாரே, அது. அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. முதல் மூன்று வருடம் அங்கே இருந்தேன் என்று நானே சொல்லியும், எந்தத் தாளையும் நம்பாத அந்தப் பெண் என்னை நம்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வருமுன் அவர், "எட்டு வருஷம் சார். அதுக்குள்ள அவன் தோள் இன்னும் எவ்வளவு இறங்குமோ" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

மறுநாள் நான் முதல் ஆளாக வந்தேன். அக்காவின் மேசையிலிருந்து பட்டியலை எடுத்து, எண்பத்தாறாவது வரிக்கு நேரே நான்காவது பத்தியில் எழுதினேன். கிடங்கின் தராசு நாலு கிலோவுக்குக் கீழே காட்டாது. புதுத் தராசு வாங்குவது கஷ்டம் என்பதால் செட்டைக் கனமாகக் கேட்டேன். வேறு எந்தக் காரணமும் கிடையாது. கீழே பெயர், கையெழுத்து, தேதி. கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைந்து போயிற்று.

அக்கா வந்து படித்தார். இரண்டு தரம் படித்தார். பிறகு பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நேத்து பஸ்ல சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கர்னல் விழுந்து விழுந்து சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அது சட்டென்று நின்றதும் கேட்டது. எண்பத்தாறாவது வரியை அடித்துவிட்டார். இனி எந்தப் பட்டியலும் அந்த நான்காவது பத்தி நிரப்பாமல் மாடியை விட்டு இறங்கக் கூடாது என்று அன்றே ஆணை போட்டார். சுவரில் இருந்த அம்புக்குறிப் படங்களைக் கழற்றச் சொன்னதும் அன்றுதான். ஒரு குழுவும் ஒரு துணைக்குழுவும் செய்யாததை அக்கா ஓர் அளவுகோலை வைத்துச் செய்துவிட்டார். என்னை விசாரிக்கவில்லை. எல்லோரும் கைகொடுத்தார்கள். தைரியசாலி என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்குத் தலை தப்பியது என்றே நினைத்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா என் மேசை அருகே வந்தார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. தம்பி லீவு முடிஞ்சு கிளம்பறான். புது செட்டு லேசா வரும்னு நான் சொல்லிட்டேன். பழசு எதுக்குக் கனமா இருந்துச்சுன்னு சொல்லல. அதை நீங்கதான் சொல்லணும்."

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. உள்ளறையில் அக்காவின் வீட்டுக்காரர் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து நின்று வணக்கம் சொன்னான். புதுச் சட்டை. தையல்காரர் தோளில் உள்ளே ஏதோ வைத்துத் தைத்து இரண்டையும் சமமாக்கியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியம் மறந்துபோயிற்று. எப்படியோ சொன்னேன். தராசு, மேலதிகாரி, பரிந்துரை, முப்பத்தொரு வருடம். அந்த மேலதிகாரியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனாலும் சொன்னேன், மனுஷ புத்தி.

 அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன், பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டர்கிட்ட காமிச்சேன் சார்" என்றான் கடைசியில். "இனிமே லேசா தூக்கினாலும் இது மேல வராதாம். பரவால்ல, புதுசா வர்ற பசங்களுக்காவது நேரா இருக்கும்." டம்ளரை மேசையில் நகர்த்திக்கொண்டே ஏதோ யோசித்தான். அக்காவின் தம்பிதான் என்று அப்போது தெரிந்தது. "சார், ஒரு சந்தேகம். அந்தத் தராசுல செட்டு மட்டும்தான் எடை போட்டீங்களா?"

 மூன்று வருடம் அந்தத் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ வந்தது, கட்டத்தைக் காலியாக விடாமல் எல்லாவற்றுக்கும் பரிந்துரை எழுதினேன். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதை நினைக்கவில்லை.

"முதலுதவிப் பை" என்றேன்.

"அடியில தகடு இருக்கும். பாம்பு கடிக்காம இருக்கன்னு சொல்லுவாங்க" என்றான் தம்பி.

"பைனாகுலர் பெட்டி. பேட்டரிப் பெட்டி. கயிறு, கூடாரத்தோட ஆணிப் பை..." விரலை மடக்கிக்கொண்டே போனேன். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"நிறுத்தாதீங்க சார்" என்றார். "ஒண்ணுவிடாம சொல்லுங்க."